பல் டாக்டர் வீட்டு வேப்பமரம்

வசுமதியின் வீட்டு வேப்பமரத்தில் பால் வடிகிற விஷயம் அவளுக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. புதுப்பட்டினம் கடைத்தெருவில் இருக்கிற தன் கிளினிக்கில் ஒரு லாரி டிரைவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் ஸ்கூட்டரில் வந்தபோது வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம் நின்றது. கேட்டுக்கு உள்ளேயும் நின்றது. யார் யாரோ செருப்பை அவள் வீட்டுப் படியில் கழற்றி விட்டிருந்தார்கள். வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து அவள் ஸ்கூட்டரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

துக்கம் ஒன்றும் இல்லை. தெரு மதிலை ஒட்டி நின்ற வேப்பமரத்தில், இரண்டு பெரிய கிளைகள் பிரிகிற கவட்டுக்குக் கீழே, வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஏதோ ஒழுகியது. எதிர்வீட்டுத் தமிழ்ச்செல்வி அதை ஒரு எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, விரலால் தொட்டு, வருகிறவர்கள் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள். தமிழ்ச்செல்வி முக்கு ரோட்டில் டிபன் கடை நடத்துகிறவள். வருஷா வருஷம் ஆடி மாதத்தில் தெருவுக்குக் கூழ் ஊற்றுவதும் அவள்தான். அவள் குரல் எழுந்தால் கடலோரம் வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள்.

"வா டாக்டரம்மா. ஒன் வூட்ல ஆத்தா வந்து எறங்கிக்கீறா. குடுத்து வச்சவ நீ."

வசுமதி கிட்டே போய்க் குனிந்து முகர்ந்து பார்த்தாள். புளித்த கள் வாடை அடித்தது. காலையிலிருந்து மாலை வரை ஊரார் வாய்க்குள் குனிந்து பார்க்கிறவள் அவள். வெளியே பளிச்சென்று இருந்துகொண்டு உள்ளே அழுகிப்போன எத்தனையோ பல்லை அவளுக்குத் தெரியும். எது ஊறுகிறது, எது ஒழுகுகிறது என்கிற வித்தியாசம் மூக்குக்கே தெரிந்துவிடும்.

"இது பால் இல்லக்கா. சீழ்," என்றாள்.

டம்ளரைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. கூட்டத்தில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகத் தெரு அவளை லேசில் விடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், கற்பூரம் எரிகிற இடத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவள் கணவன் பரணிதரனே அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னான். வேறு எப்படிச் சொல்வது, மரத்துக்குப் பிறந்தநாள் என்று சொல்லவா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

பரணிதரனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கும்பகோணத்துக்காரன். கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலை. அங்கே ஒரு மீட்டர் காட்டுகிற எண்ணை இன்னொரு மீட்டரில் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் அந்த மனுஷன் எங்கே போவானோ தெரியாது. இத்தனை வருஷமாக அந்தத் தெருவில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'பல் டாக்டர் வூட்டுக்காரரு' என்றுதான் அடையாளம். பால் வடிந்த மறுநாளிலிருந்து அவன் 'அம்மன் வூட்டு சார்' ஆகிவிட்டான். அந்தப் பதவி உயர்வு அவனுக்குப் பிடித்திருந்தது.

ஒரு மாதத்துக்குள் மரத்தின் கோலமே மாறிவிட்டது. தமிழ்ச்செல்வி கொண்டுவந்த மஞ்சள் புடவையை இடுப்புயரத்திலிருந்து கவடு வரைக்கும் சுற்றிக் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அடிமரத்தில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர், அதன்மேல் பால், அதன்மேல் தயிர். வசுமதி கிளினிக்கில் இருந்த ஒரு நாளில் பரணிதரன் கொத்தனாரைக் கூட்டிவந்து, மரத்தைச் சுற்றி வட்டமாக சிமெண்டு மேடை கட்டி, மேலே டைல்ஸும் ஒட்டி முடித்துவிட்டான். மரத்தின் அடி மூச்சுவிட விரல் அகலம்கூட மண் இல்லை. ஊற்றுகிற தண்ணீர் வெளியே போக வழியும் இல்லை.

"ஏங்க, ஈரத்துணியைச் சுத்தி, கழுத்து வரைக்கும் சிமெண்டப் பூசினா மனுஷனே அழுகிப் போயிடுவான்," என்றாள் வசுமதி.

"வேம்பு அழுகாது. பூச்சியே வராத மரம் அது. பல் குச்சி கொடுக்கிற மரத்தைப் பல் டாக்டரே திட்டலாமா," என்று அவன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் பஞ்சாயத்தில் மழைநீர்க் கால்வாய் தோண்டியபோது, மதிலுக்கு அந்தப் பக்கம் தொடை தடிமன் வேர்களை மிஷின் நறுக்கிப் போட்டதை அவள் பார்த்திருக்கிறாள். அன்றைக்குத் தெருவில் யாரும் வருத்தப்படவில்லை, கொசு ஒழியும் என்று சந்தோஷம்தான் பட்டார்கள். அதற்குப் பிறகுதான் மரம் தெருப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் உச்சிக் கொம்புகள் இலை விடாமல் மொட்டையாக நின்றன. கீழே பச்சையாக இருந்ததால் யாரும் மேலே பார்க்கவில்லை.

அவள் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளினிக் சுத்தியலை எடுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினாள். பல்லைத் தட்டிப் பார்க்கிற அதே கைதான். வீட்டுப்பக்கம் 'டொக்' என்று கெட்டியாகக் கேட்டது. தெருப்பக்கம் வந்ததும் காலிக் குடத்தைத் தட்டினது போலச் சத்தம் மாறியது. டைல்ஸுக்கும் மரத்துக்கும் நடுவே இருந்த இடுக்கில் தட்டுத் தட்டாகப் பழுப்புக் காளான் முளைத்திருந்தது. மகள் அனு அதைப் பார்த்துவிட்டு, பூ மாதிரி இருக்கும்மா என்று போட்டோ எடுத்தாள். அடியில் காளான் பூக்கிற மரம் வேரோடு சாகிற மரம் என்று வசுமதி அவளுக்குச் சொன்னாள்.

அதன்பிறகு நடந்ததுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு இலைகூட அசையாத மத்தியானத்தில், கை தடிமன் கிளை ஒன்று தானாக முறிந்து, அனு அப்போதுதான் ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கிய ஸ்கூட்டர் மேல் விழுந்தது. கண்ணாடியும் ஹேண்டில்பாரும் நசுங்கின. பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. தெருவே ஓடிவந்தது.

"பாத்தியா டாக்டரம்மா. ஆத்தா புள்ளய தள்ளி வுட்டு வண்டி மேல வுழுந்துகீறா," என்றாள் தமிழ்ச்செல்வி. அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

"தள்ளி விட்டாளோ இல்லியோ, சொல்லி விட்டிருக்கா. காத்து இல்லாமக் கிளை முறியுதுன்னா உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். மரத்த எடுத்துடணும்க்கா."

"இன்னா பேசற நீ. எங்க வூட்டுக்காரரு ஐசியூல கெடந்தப்போ டாக்டருங்க கைய விரிச்சிட்டானுங்க. நான் இந்த மரத்தாண்டதான் வந்து உழுந்தேன். மறாநாளு எழுந்து குந்திகினு நாஸ்தா குடுன்னு கேட்டாரு மனுசன். அதுக்கு இன்னா சொல்ற?"

"கோபாலகிருஷ்ணன் அண்ணன் பொழைச்சது எனக்கும் சந்தோஷம்தான். அவரக் காப்பாத்தினது யாருங்கறதுல எனக்கு ஒரு தகராறும் இல்ல. இந்த மரம் ஆள் மேல விழும்ங்கறதுதான் என் தகராறு."

"வுழட்டும். எங்க ஆத்தா எங்க மேல வுழுந்தா எங்களுக்கு சந்தோசம்."

இப்படிப் பேசுகிறவளிடம் மேற்கொண்டு என்னத்தைச் சொல்வது. வசுமதி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் வாயைச் சாத்திக்கொள்ளவில்லை. தெருவில் பார்க்கிற ஆளிடமெல்லாம் சொன்னாள். கிளினிக்கில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாமல் கிடந்தவர்களிடமும் சொன்னாள். மரத்தடியில் பிள்ளைகள் போகாமல் கயிறு கட்டினாள். பிள்ளைகள் அந்தக் கயிற்றிலேயே ஊஞ்சல் கட்டி ஆடினார்கள்.

மரம் வெட்டுகிறவர்கள் வந்தார்கள், மஞ்சள் புடவையைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியாக நெரும்பூர்ப் பக்கத்திலிருந்து ஏசுபாதம் வந்தார். புயல் அடித்தபோதெல்லாம் ஈசிஆர் ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களை மிஷின் வைத்து அறுத்து வழிவிட்டவர். அவர் மரத்தைச் சுற்றிவந்து, மேலே பார்த்து, மேடையைக் காலால் மிதித்துப் பார்த்தார்.

"போவ வேண்டிய மரம்தான் மேடம். ஆனா என்ன வெட்டச் சொல்லாதீங்கோ."

"ஏன், நீங்களும் கும்பிடப் போறீங்களா?"

"நான் மாதா கோயிலுக்குப் போறவன். அதான் பிரச்சனையே. என் பேரு ஏசுபாதம். மஞ்சப் பொடவ கட்ன மரத்துல நான் மிஷின வச்சேன்னு வையுங்க, மரம் வுழறதுக்கு மின்னாடி நான் வுழுந்துருவேன். எங்க தெருவுல நாலு வூட்டுக் கண்ணாடி ஒடையும். பொடவ இல்லாத மரத்த எப்ப கூப்ட்டாலும் வந்து வெட்டிக் குடுக்கறேன். பொடவைய அவுக்கறது என் வேல இல்ல மேடம்."

அவர் சொன்னது நியாயம் என்பதுதான் வசுமதிக்கு அதிக எரிச்சலைத் தந்தது. ஊருக்குப் பயந்து ஒரு மனுஷன் ஒதுங்கினால் அவனைக் குறை சொல்லலாம். ஊரை நன்றாகத் தெரிந்து ஒதுங்குகிறவனை என்ன சொல்வது.

ஆடி பிறந்தது. மேல்காற்று கிளம்பித் தெருப் புழுதியை வாரி வாரி வீடுகளுக்குள் கொட்டியது. எப்போதும் முக்கில் இருக்கிற சின்னக் கோயில் வாசலில் பந்தல் போட்டுத்தான் கூழ் ஊற்றுவார்கள். இந்த வருஷம் அம்மனே தெருவுக்குள் வந்து நிற்கும்போது பந்தல் எதற்கு, மரத்தடி நிழலிலேயே ஊற்றிவிடலாம் என்று தமிழ்ச்செல்வி முடிவு பண்ணிவிட்டாள். எல்லாரும் சரி என்றார்கள். சாலையில், மரம் சாய்ந்திருக்கிற பக்கமாகப் பானைகளை வைப்பது, மதில் ஓரமாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது என்று பேசிக்கொண்டார்கள். வாசலில் நின்று வசுமதி அதைக் கேட்டாள். தன் வீட்டு மரம் தெருப் பிள்ளைகளைச் சாகடித்துவிட்டது என்ற பேச்சோடு அவள் மிச்ச வாழ்நாளை எப்படி ஓட்டுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பரணிதரன் மேடை முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். வீட்டுப்பக்கமாக டைல்ஸ் இரண்டாவது தடவையாகப் பெயர்ந்து நின்றது. முதல் தடவை பெயர்ந்தபோது கொத்தனார் சிமெண்டில் ஏமாற்றிவிட்டான் என்று திட்டி, மறுபடி ஒட்ட வைத்திருந்தான். இப்போது டைல்ஸோடு அடியில் இருந்த சிமெண்டும் பிளந்து தூக்கியிருந்தது.

"கொத்தனார் ஒரு தடவை ஏமாத்தலாம்," என்றாள் வசுமதி. "உங்க ஆபீஸ்ல ஒரே எடத்துல ரெண்டு தடவை ஒரே மாதிரி ரீடிங் வந்தா என்ன பண்ணுவீங்க?"

அவன் பெயர்ந்த டைல்ஸைத் தூக்கி அடியில் பார்த்தான்.

"அந்தப் பக்கம் வேர் இல்ல. மரம் அந்தப் பக்கம் சாயச் சாய, இந்தப் பக்கத்து வேர் மண்ணைத் தூக்குது. இது கூடத் தெரியாமயா ஆராய்ச்சி பண்றீங்க?"

"நாளைக்கு ஒரு நாள் போகட்டும் வசு. கூழ் ஊத்தி முடிக்கட்டும். அப்புறம் பேசலாம்," என்றான். குரலில் அம்மன் வீட்டு சார் இல்லை, பயந்துபோன மனுஷன் ஒருவன் இருந்தான்.

"நாளைக்குத்தாங்க அத்தனை பேரும் அதுக்கடியில நிப்பாங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே காற்று. தகரக் கூரைகள் படபடத்தன. பெண்கள் வேப்பிலை கட்டிய மண்பானைகளைக் கொண்டுவந்து மரத்தடியில் சாலை ஓரமாக வரிசையாக வைத்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு போட்டாயிற்று. பிள்ளைகள் தூக்குச்சட்டியும் சொம்புமாக மதிலை ஒட்டி நிற்க ஆரம்பித்தார்கள். காற்று ஒருமுறை அழுத்தி வீசியபோது மஞ்சள் புடவைக்கு உள்ளேயிருந்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. மேடைப் பக்கத்தில் நின்ற வசுமதிக்கு மட்டும் கேட்டது.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மேடையில் ஏறி, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு புடவையின் முடிச்சில் கை வைத்தாள்.

"ஏய், இன்னா பண்ற?" தமிழ்ச்செல்வி கரண்டியைப் போட்டுவிட்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பாட்டை யாரோ நிறுத்தினார்கள். "ஆத்தா பொடவைய அவுக்கறியா நீ? பொம்பளதான நீ?"

"பொம்பளங்கறதாலதான் நான் அவுக்கறேன். ஆம்பள அவுத்தா தப்பு," என்றாள் வசுமதி. முடிச்சு அவிழ்ந்தது. "கோயில்ல அம்மனுக்குச் சாத்தின புடவைய என்ன செய்வாங்க? அவ இடுப்புலயே விட்டு மக்க விடுவாங்களா? களைஞ்சு, ஒரு பொம்பளைக்குத்தான குடுப்பாங்க? போன வருஷம் நீங்க வாங்கிக் கட்டிக்கலியா? இது என் வீட்டு அம்மன். இந்தப் புடவை எனக்கு. யார் வந்து தடுக்கறாங்கன்னு பாக்கறேன்."

தமிழ்ச்செல்வி மேடையில் ஏற வைத்த காலைக் கீழே எடுத்தாள். அந்த வழக்கத்தை இல்லை என்று சொல்ல அவளாலேயே முடியாது. கூட்டத்தில் ஒருவன் "புடிச்சு இறக்குங்கய்யா" என்று கத்தினான். ஆனால் அம்மன் புடவை கையில் இருக்கிற பொம்பளையை எந்த ஆம்பளை தொட்டு இறக்குவான். யாரும் முன்னால் வரவில்லை.

புடவை மரத்தைப் பல சுற்று சுற்றியிருந்தது. ஒற்றை ஆளாக அவிழ்க்க முடியாமல் அவள் தடுமாறியபோது, மரத்துக்கு மறுபக்கம் ஒரு கை தலைப்பை வாங்கிச் சுற்றிக் கொடுத்தது. பரணிதரன். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சுற்றாக வாங்கி வாங்கி அவளிடம் கொடுத்தான். அத்தனை மாதமாக அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே அவளுக்குப் போய்விட்டது. மிச்சப் பாதியை வீட்டுக்குள் போய் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசிச் சுற்றும் வந்தது. வசுமதி ஈரமும் குங்குமமும் ஊறிப்போன அந்தப் புடவையைத் தன் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

கவட்டிலிருந்து இடுப்புயரம் வரைக்கும், புடவை மறைத்திருந்த இடமெல்லாம் மரம் பிளந்திருந்தது. பட்டை கறுத்து உரிந்து தொங்கியது. பிளவின் இரண்டு உதடும் காற்று வீசும்போது விலகின, காற்று நிற்கும்போது கூடின. அவை உரசியபோது அந்தக் 'கிர்ர்' எல்லாருக்குமே கேட்டது. கட்டெறும்புகள் உள்ளேயிருந்து மரத்தூளைத் தள்ளிக்கொண்டு சாரை சாரையாக வெளியே வந்துகொண்டிருந்தன. வசுமதி தன் கையைப் பிளவுக்குள் விட்டாள். மணிக்கட்டு போயிற்று, முழங்கையும் போயிற்று.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க," என்றாள். "நான் சாமிய இல்லன்னு சொல்லல. சாமி இதுக்குள்ள இருந்தா அவளும் இடிஞ்சு விழப்போற வீட்டுலதான் இருக்கா. அவள வெளிய வரச் சொல்லுங்க. புள்ளைங்கள அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போங்க. திட்டறதுன்னா அப்புறமா வந்து திட்டுங்க, நான் இங்கதான் இருப்பேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் எல்லாரும் தமிழ்ச்செல்வியைப் பார்த்தார்கள். அவள் மேடையில் ஏறினாள். வசுமதியைத் தோளால் இடித்து நகர்த்திவிட்டு, தன் வளையல் கையைப் பிளவுக்குள் விட்டாள். வெகுநேரம் துழாவினாள். கையை வெளியே எடுத்தபோது உள்ளங்கை நிறைய ஈரமான பழுப்புத் தூள் இருந்தது, டீக்கடை வாசலில் கொட்டிக் கிடக்கிற சக்கை மாதிரி. அதை முகர்ந்து பார்த்தாள். விரலால் நசுக்கிப் பார்த்தாள். அவள் முகம் ஒரு கணம் அழப்போகிற மாதிரி கோணிக்கொண்டது.

பிறகு அதில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் அழுத்தி இட்டுக்கொண்டாள். மிச்சத்தை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

"இன்னாடி வேடிக்க பாத்துகினு கீறீங்க. பானையத் தூக்குங்க. கோயிலாண்ட எடுத்துகினு போங்க. டேய், புள்ளைங்கள அப்டியே இஸ்துகினு நடங்க. ஒருத்தன் கூட இந்த மதிலாண்ட நிக்கக் கூடாது."

பானைகள் நகர்ந்தன. பிள்ளைகள் தூக்குச்சட்டிகளைத் தட்டிக்கொண்டு முக்கை நோக்கி ஓடினார்கள். தெரு காலியாகும் வரை வசுமதி பார்த்துக்கொண்டே நின்றாள். மேடையின் பெயர்ந்த டைல்ஸ் மேல் உட்காரப் போனவளைப் பரணிதரன் பிடித்து இறக்கி வாசல் படிக்குக் கூட்டிப்போனான். அவள் அழுதாள். ஜெயித்ததற்காக அழவில்லை, அந்தச் சத்தத்தைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த பயம் அப்போதுதான் இறங்கியது.

"டாக்டரம்மா." தமிழ்ச்செல்வி கேட்டருகில் நின்றாள். "ஆத்தா பொடவைய போத்திகினவ வூட்ல குந்திகினு அழக்கூடாது. வந்து கரண்டியப் புடி. ஒன் கையாலதான் இன்னிக்கிக் கூழு."

பக்கத்தில் நின்ற ஒருவர் பேச்சை இழுத்தார். "அதெல்லாம் சரிதான், ஆனா மரத்த வெட்டறதுன்னா... அதுவும் அந்த நெரும்பூர் ஆளு வந்து..."

"வருவாரு," என்றாள் தமிழ்ச்செல்வி. "நாளிக்கே வருவாரு. அவரு மிஷின் வைக்கறப்போ நான் அவரு பக்கத்துலதான் நிப்பேன். எவன் இன்னா கேக்கறதா இருந்தாலும் என்னாண்ட வந்து கேக்கட்டும்."